தமிழ்த் தலைப்புகள் ஏன் சிதைகின்றன?

கேள்வி: எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பழைய மின்னஞ்சல்களைப் புதிய சேவைக்கு மாற்றியபின், கடிதங்கள் சரியாகத் தெரிகின்றன, ஆனால் 'பொங்கல் விழா அழைப்பு' போன்ற தலைப்புகள் சமக்குறியும் கேள்விக்குறியும் ஆங்கில எழுத்துகளும் கலந்த கோவையாகவோ, நடுவே ஓர் எழுத்து சிதைந்தோ வருகின்றன. மீட்க முடியுமா?
– வாசகர், ஈசூன்

பதில்: பெரும்பாலும் முடியும். மின்னஞ்சலின் தலைப்பகுதி 1982ஆம் ஆண்டு விதிப்படி ஆஸ்கி எழுத்துகளை (ஆங்கில எழுத்து, எண், சில குறிகள்) மட்டுமே ஏற்கும் என்பதால், தமிழ்த் தலைப்பை மைம் என்ற மின்னஞ்சல் முறையில் ஆஸ்கி எழுத்துகளாகக் குறியாக்கி அனுப்புகிறார்கள். பெறும் மென்பொருள் அதைத் தமிழுக்குத் திருப்பாமல் அப்படியே சேமித்தால் நீங்கள் காணும் கோவை தோன்றும். அதில் எதுவும் அழியவில்லை. எழுத்துச் சிதைவுதான் கவலைக்குரியது. ஒரு குறியாக்கத் துண்டு 75 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடித்து, பைட்டுகளை ஆஸ்கி எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 முறையில் 4 எழுத்தாவதால், ஒரு துண்டில் 15 குறியீடுகளே அடங்கும் ('பொ' என்பதே இரண்டு குறியீடுகள்). அதைவிட நீண்ட தலைப்பு பல துண்டுகளாகப் பிரியும். ஒரு குறியீட்டின் பைட்டுகளை இரு துண்டுகளில் பிரித்து வைக்கக்கூடாது என்ற விதியைச் சில பழைய மென்பொருள்கள் மதிப்பதில்லை. துண்டுகளின் பைட்டுகளை முதலில் ஒன்றுசேர்த்து, அதன் பிறகே யுடிஎஃப்-8ஆகப் படிக்கும் நிரலால் அத்தகைய தலைப்பும் மீளும். ஆகவே பழைய சேவையகத்திலுள்ள மூலப் பிரதிகளை அழிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். புதிய சேவையில் சிதைந்தே சேமிக்கப்பட்ட எழுத்தை அந்த மூலப் பிரதிகளிலிருந்துதான் மீட்க வேண்டும்.