கிராவல் சைக்கிளில் குறைந்த சுமையுடன் பல நாள் பயணம்: கேள்வி பதில்

கேள்வி (கோவை): ஆழியாற்றிலிருந்து கிராவல் சைக்கிளில் (சரளை, மண் பாதைகளிலும் ஓடும் அகல டயர் சைக்கிள்) வால்பாறை ஏறி, மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்கு இறங்க எண்ணியிருக்கிறேன். கேரியர் பொருத்துவதா, பைகளைச் சைக்கிளிலேயே கட்டுவதா?

பதில்: சுமை எட்டு கிலோவுக்குள் நிற்குமானால் கேரியர் வேண்டியதில்லை. கருவிகள், உதிரி டியூப், பவர் பேங்க், உணவு ஆகிய கனமானவை சட்டத்தின் நடுவிலுள்ள பையில், முடிந்தவரை கீழே இருக்கட்டும். படுக்கைப் பையைப் போன்ற பருமனான, எடை குறைந்த பொருள்களை ஹேண்டில்பாரில் கட்டுங்கள். சீட்டுக்குப் பின்னால் தொங்கும் பையில் துணிகளை இறுக்கி அடைக்க வேண்டும். தளர்வாக அடைத்தால் எழுந்து நின்று மிதிக்கும்போதெல்லாம் பை இடமும் வலமும் ஆடும். எல்லாவற்றையும் கட்டியபின் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஹோஸ் எங்கும் மடங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டைகள் உரசும் இடங்களில் பெயின்டைக் காக்க ஒட்டுப்படலம் ஒட்டுங்கள். தூசி சேர்ந்த பட்டை இரண்டே நாளில் பெயின்டை அரித்துவிடும். உங்கள் சட்டத்துக்கு உரிய டீரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டு) ஒன்றையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான். மாடலுக்கு மாடல் வடிவம் மாறுவதால் வழியில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

கேள்வி (சேலம்): கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுமையுடன் ஏற, முன்னால் ஒரு பல்சக்கரம் போதுமா?

பதில்: பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. முன்னால் 40 பல்லும் பின்னால் பெரிய சக்கரத்தில் 42 பல்லும் இருந்தால், முன்னதைப் பின்னதால் வகுத்த விகிதம் 0.95. இது குறையக் குறைய ஏறுவது எளிது. முன்னால் 46, 30 பல் கொண்ட இரண்டு சக்கரங்கள், பின்னால் 11 முதல் 34 பல் வரை (11-34) என்றால் அது 0.88 வரை இறங்கும். முன்னால் 40, பின்னால் 10-51 என்றால் 0.78. சுமையோடு மலை ஏறுபவருக்கு 0.9-க்குக் கீழே ஒரு கியராவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒற்றைப் பல்சக்கரமா இரட்டையா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

கேள்வி (ராமநாதபுரம்): எங்கள் பக்கத்தில் சீமைக் கருவேல முள் அதிகம். டியூப்லெஸ் நல்லதா?

பதில்: முள் நிறைந்த மண்ணுக்கு டியூப்லெஸ்தான். முள் குத்திய சிறு துளையை டயருக்குள் ஊற்றியிருக்கும் சீலன்ட் என்ற திரவம் தானே அடைத்துவிடும்.

இடையீடு (தூத்துக்குடி): இதை ஏற்க முடியவில்லை. நம் வெயிலில் சீலன்ட் உலர்ந்துவிடுகிறது. வழியில் கெட்டால் ஊர்ப் பஞ்சர் கடையில் தொடமாட்டார்கள். டியூபே பாதுகாப்பு.

பதில்: உலர்வது உண்மை. அதனால்தான் புறப்படுவதற்கு முன் வால்வின் உட்பகுதியைக் கழற்றி, மெல்லிய குச்சியை விட்டுப் பார்க்கச் சொல்கிறேன். குச்சி ஈரமின்றி வெளியே வந்தால் டயருக்கு 50 மி.லி. அளவில் புதிதாக ஊற்றுங்கள். கடையைப் பற்றி நீங்கள் சொல்வது பாதிதான் சரி. ப்ரெஸ்டா வால்வுக்கான (இத்தகைய சைக்கிள்களில் வரும் மெல்லிய வால்வு) சிறு பித்தளை அடாப்டர் கையில் இருந்தால் எந்தப் பஞ்சர் கடைக் கம்ப்ரசரிலும் காற்றுப் பிடிக்கலாம்.

இடையீடு (தூத்துக்குடி): டயர் கிழிந்தால் கடைசியில் டியூப்தானே போட வேண்டும்?

பதில்: ஆம், பலர் தவறுவது அந்த இடத்தில்தான். டியூப்லெஸ்ஸாக நெடுநாள் ஓடிய டயரின் உட்புறத்தில், சீலன்ட் அடைத்துவிட்டதால் நாம் அறியாமலே போன முள் நுனிகள் பல நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை நீக்காமல் டியூபைப் போட்டால் நூறு மீட்டர் போவதற்குள் மறுபடி காற்று இறங்கும். டயரை உட்புறம் வெளியே தெரியும்படி புரட்டி, துணியால் மெதுவாகத் தடவுங்கள். துணி சிக்கும் இடத்தில் முள் இருக்கும். அதை இடுக்கியால் பிடுங்குங்கள். வெறும் விரலால் தடவ வேண்டாம். ஆகவே டியூப்லெஸ் ஓட்டுபவரும் இரண்டு டியூபும் ஓர் இடுக்கியும் கொண்டு செல்ல வேண்டும்; இந்த அளவில் உங்கள் எச்சரிக்கையை ஏற்கிறேன்.

கேள்வி (திருச்சி): 42 மி.மீ. டயரில் எத்தனை பி.எஸ்.ஐ. காற்று?

பதில்: எழுபது கிலோ எடையுள்ளவர், எட்டு கிலோ சுமை, டியூப்லெஸ் என்றால் முன்னால் 32, பின்னால் 36-இல் தொடங்குங்கள். டியூப் என்றால் நான்கைந்து கூட்டுங்கள். டயரிலும் ரிம்மிலும் குறித்த உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

கேள்வி (வேலூர்): காற்று எவ்வளவு பிடிக்க வேண்டும்?

பதில்: மேலே திருச்சிக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். எடை, சுமை, டயர் அகலம் மூன்றையும் குறிப்பிடாமல் கேட்டால் எவராலும் பதில் சொல்ல முடியாது.

கேள்வி (சென்னை): ஒரு லட்சத்துக்குள் எந்த கிராவல் சைக்கிள் வாங்கலாம்?

பதில்: இந்தப் பகுதி பயணத்துக்குத் தயார் செய்வதைப் பற்றியது. எதை வாங்கினாலும் அன்றைக்கே கடையில் உதிரி ஹேங்கரையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (ஈரோடு): இரண்டாம் நாள் முழங்கால் வலிக்கிறது. சீட்டை உயர்த்தலாமா?

பதில்: நேரில் பார்க்காமல் சொல்லக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (நீலகிரி): இறக்கத்தில் பிரேக் சூடாகிப் பிடி குறைகிறது. மெட்டல் பேட் (உலோகத் துகள் கலந்த பிரேக் கட்டை) போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் முதலில் டிஸ்கைப் பாருங்கள். ரெசின் பேட் (பிசினால் ஆன, மென்மையான வகை) மட்டுமே போட வேண்டும் என்று அதில் பொறித்திருந்தால் மெட்டல் பேட் அதைத் தேய்த்துக் கெடுத்துவிடும். இறங்கும்போது பிரேக்கை இடைவிடாமல் அழுத்திக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன் இரண்டையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பின் முழுவதும் விடுங்கள். புதிய பேட் மாட்டியதும் சமதரையில் இருபது முறையாவது வேகமெடுத்து, பிரேக் பிடித்துப் பழக்கிய பிறகே மலைக்குக் கொண்டு செல்லுங்கள்.