பப்பில் தந்த ஏல் கெட்டுப்போனதா?

கெடவில்லை. இங்கிலாந்தின் யார்க் நகரில் நண்பர்களோடு பப் பப்பாகச் சுற்றியபோது கிடைத்த ஏல் (ஒரு வகை பீர்) சில்லென்றும் இல்லை, பொங்கவும் இல்லை என்கிறீர்கள். கைப்பம்பில் இழுத்துத் தரும் பீப்பாய் ஏல் அப்படித்தான். பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும், வாயு ஏற்றுவதில்லை. நிலவறையின் 11-13 டிகிரி செல்சியஸிலேயே ஊற்றுவார்கள். ஃப்ரிட்ஜ் பீருக்குப் பழகிய நாக்குக்கு அது வெந்நீர்தான்!

அடுத்த முறை முதல் வாயிலேயே கவனியுங்கள். காடி போலப் புளித்தால் பீப்பாய் திறந்து நாளாகியிருக்கும். மூன்று நாளுக்குள் தீர்க்கவேண்டிய சரக்கு அது. அப்போதே திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். பாதி குடித்த பிறகு கேட்டால் எடுபடாது.

கலங்கலாக இருப்பதை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்; சில ஏல்களை வேண்டுமென்றே தெளியவைக்காமல் விற்கிறார்கள். அப்புறம், ஒரே நாளில் ஆறு பப் என்றால் அரை பைன்ட் கேளுங்கள், 284 மில்லி. யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.