பதில்: அம்மாவுடன் சினுலோக், அத்தி-அத்திஹான் இரண்டையும் பார்க்க முடியுமா?

ஒரே பயணத்தில் இரண்டும் முடியாதுங்க. இரண்டுமே பிலிப்பைன்ஸில் குழந்தை இயேசுவுக்கு எடுக்கும் விழாக்கள்; செபு நகரத்துச் சினுலோக், கலிபோ ஊரின் அத்தி-அத்திஹான் இரண்டுக்குமே உச்ச நாள் ஜனவரி மூன்றாம் ஞாயிறுதான், நடுவில் கடல் வேறு இருக்கிறது. எழுபது வயது அம்மாவை வைத்துக்கொண்டு ஓட வேண்டாம், செபுவே போதும். இன்னும் ஒரு வாரம் தங்க முடிந்தால் நான்காம் ஞாயிறு இலோயிலோவில் தினாக்யாங், அதுவும் குழந்தை இயேசுவுக்கான விழாதான்.

அம்மாவுக்கு ஊர்வலத்தைவிடக் கோயில்தான் முக்கியம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் ஞாயிறு அணிவகுப்பைத் தயங்காமல் விட்டுவிட்டு, அதற்குச் சில நாள் முன்பே காலையில் செபுவில் உள்ள குழந்தை இயேசு கோயிலான சாண்டோ நின்யோ பசிலிக்காவுக்குக் கூட்டிப் போங்கள். 1521இல் கடலோடி மகெல்லன், செபுவை ஆண்ட ராஜா ஹுமாபோனின் மனைவிக்குக் கொடுத்த குழந்தை இயேசு சிலை அங்கேதான் இருக்கிறது. அங்கே மெழுகுவர்த்தி விற்கும் பெண்கள், நம் வேண்டுதலைக் கேட்டுக்கொண்டு, மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்தபடி முன்னே இரண்டடி பின்னே ஓரடி என்று நமக்காக ஆடுவார்கள்; என்னைக் கேட்டால் சினுலோக்கின் உயிரே அதுதான், அம்மா கட்டாயம் பார்க்க வேண்டும்.

அப்புறம், பாதுகாப்புக்காகச் சில ஆண்டுகளில் விழா நாளன்று கைபேசி சிக்னலையே நிறுத்தியிருக்கிறார்கள். கூட்டத்தில் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வையுங்கள்.