பாசிட்டிவ் என்றால் உடனே பிரசவமா?

கேள்வி: என் மகளுக்கு 31 வாரம். வயிறு அடிக்கடி இறுகுகிறது என்று தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். உள்சோதனை செய்துவிட்டு, அதன்பின் பைப்ரோநெக்டின் சோதனை எடுத்தார்கள். பாசிட்டிவ் என்கிறார்கள். பிள்ளை இந்த வாரமே பிறந்துவிடுமா?
– வாசகி, செந்தூல்

பதில்: பெரும்பாலும் பிறக்காது, அம்மா. கருவைச் சூழ்ந்த சவ்வைக் கருப்பைச் சுவரோடு பசைபோல் ஒட்டிவைக்கும் புரதம்தான் பைப்ரோநெக்டின். 24 வாரத்திலிருந்து 34 வாரம் வரை அது யோனிக் கசிவில் அதிகம் தென்படக் கூடாது. மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்பார்கள்.

உள்சோதனைக்குப் பிறகு எடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. விரல் பட்டாலே அந்தப் புரதம் கசியலாம். முந்தைய 24 மணி நேரத்தில் தாம்பத்திய உறவு இருந்தாலும், இரத்தக் கசிவு இருந்தாலும் பொய்யான பாசிட்டிவ் வரும். வழுவழுப்பு ஜெல் பட்டிருந்தால் சோதனையே கெட்டுப்போகும். அதனால் பஞ்சுக் குச்சியை முதலில் வைத்து, கருப்பை வாய்க்குப் பின்புறப் பள்ளத்தில் சுமார் 10 விநாடி சுழற்றி எடுத்துவிட வேண்டும். விரல் சோதனையும், யோனி வழியாகப் பார்க்கும் உள்வழி ஸ்கேனும் அதற்குப் பிறகுதான்.

சரியாக எடுத்தாலும் பாசிட்டிவை அப்படியே நம்ப முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வலியோடு வரும் 100 பெண்களில் 5 பேருக்கு ஒரு வாரத்துக்குள் பிரசவம் என்று வைத்துக்கொள்வோம். சோதனை அவர்களில் 4 பேரைப் பிடிக்கும். மீதி 95 பேரிலும் ஏறக்குறைய 17 பேருக்குப் பாசிட்டிவ் காட்டும். ஆக 21 பாசிட்டிவில் உண்மையானது 4தான். நெகட்டிவ் வந்த 79 பேரில் ஒருவருக்கு மட்டுமே பிரசவம் ஆகும். இந்தச் சோதனையின் பலம் முழுக்க அந்த நெகட்டிவில்தான் இருக்கிறது.

அதற்காக வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். கருப்பை வாயின் நீளத்தை உள்வழி ஸ்கேனில் அளக்கச் சொல்லுங்கள். 30 மி.மீ.க்கு மேல் இருந்தால் நிம்மதி. 15க்கும் கீழே என்றால் வார்டில் சேர்த்து, குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது போட்ட 24 மணி நேரத்திலிருந்து 7 நாள் வரைதான் முழுப் பலன் தரும். நினைத்தபோதெல்லாம் திரும்பப் போடும் மருந்தல்ல. அவசரப்பட்டு முன்கூட்டியே போடக் கூடாது என்பது இதனால்தான். சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றும் வயிற்றை இப்படி இறுக்கும்.

கேள்வி: முதல் பிள்ளை 30 வாரத்தில் பிறந்தது. இப்போது 18 வாரம். கருப்பை வாய் நீளம் ஓரிடத்தில் 34 மி.மீ., இன்னோரிடத்தில் 24 என்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள். வயிற்றின் மேல் வைத்து, நிறைந்த சிறுநீர்ப்பையோடு பார்த்தால் கருப்பை வாய் அமுங்கி நீளமாகத் தெரியும். சிறுநீர் கழித்தபின் உள்வழியாகப் பார்ப்பதே சரி. அதிலும் கருவியை அழுத்தினால் அளவு கூடிவிடும். 3 முதல் 5 நிமிடத்துக்குள் மூன்று முறை அளந்து, மிகக் குறைந்ததைக் குறிக்க வேண்டும். 24 என்பது அப்படிக் கிடைத்த அளவு என்றால் அதையே நம்புங்கள். உங்களைப் போல் முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்களுக்கு, 24 வாரத்துக்கு முன் 25 மி.மீ.க்குக் கீழே போனால் கருப்பை வாய்த் தையல் போடலாம். அல்லது இரவில் உள்ளே வைக்கும் 200 மி.கி. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்து தரலாம். எது என்பதை இந்த வாரமே மகப்பேறு நிபுணரிடம் பேசி முடிவு செய்யுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: 33 வாரம், பைப்ரோநெக்டின் நெகட்டிவ். மூன்று வாரம் கழித்துத் தீபாவளிக்குக் காரில் பினாங்கு போகலாமா?
– வாசகி, செராஸ்

பதில்: அந்த நெகட்டிவ் ஒன்றிரண்டு வாரத்துக்குத்தான் செல்லும். நீங்கள் கிளம்பும்போது 36 வாரம் ஆகியிருக்கும். கிளம்புவதற்குச் சில நாள் முன்பு மருத்துவரைப் பாருங்கள். போவதாக இருந்தால் பிங்க் புத்தகம் (உங்கள் கர்ப்பகாலப் பதிவேடு) கையில் இருக்கட்டும். வழியில் நீர்க்குடம் உடைந்தாலோ இரத்தம் பட்டாலோ ஊர் போய்ச் சேரலாம் என்று ஓட்டாதீர்கள், 999க்கு அழையுங்கள்.