மூத்த மருத்துவரைத் தேடிப் போகும் நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் அடுக்ககத்தில் ஒருவருக்கு இரவில் நெஞ்சுவலி வந்தது. பக்கத்து மருத்துவமனையில் இளம் டியூட்டி டாக்டர் மட்டுமே இருப்பார் என்று அவருடைய மகன், பெயர்பெற்ற இதயநோய் நிபுணர் பணிபுரியும் மருத்துவமனைக்குப் பெங்களூரின் மறுகோடி வரை காரோட்டிச் சென்றார். நோயாளி உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது. அனுபவசாலியிடம் போனால் சிகிச்சை விரைவாக நடக்கும் என்பது சரியான கணக்குதானா?

ராஜேந்திரன், அல்சூர்

அன்புள்ள ராஜேந்திரன்,

பாதிக் கணக்கு சரி. அனுபவம் நிமிடங்களை மிச்சப்படுத்துவது முதலில் நோயைக் கண்டறிவதில். நோயாளி வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது நெறிமுறை. ஆனால் நீரிழிவு உள்ளவர்களும் வயதான பெண்களும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறல் என்றோ 'கேஸ்' என்றோ வந்து நிற்கும்போதும், இதயத்தின் பின்சுவரைத் தாக்கும் மாரடைப்பு வழக்கமான இசிஜியில் மறைமுகமாக மட்டுமே தெரியும்போதும், பலநூறு பேரைப் பார்த்த கண்ணுக்கு வரும் சந்தேகம் புதியவருக்கு எளிதில் வராது.

அதற்குப் பின் நிமிடங்கள் கரைவது பெரும்பாலும் மருத்துவரின் கையில் இல்லை. நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து, அடைபட்ட ரத்தக்குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியில் பலூன் விரியும் வரை 90 நிமிடங்களுக்குள் முடிய வேண்டிய வேலையில், அந்தச் சிகிச்சை நடக்கும் கூடமான கேத் லேபின் குழுவை வீட்டு உறக்கத்திலிருந்து எழுப்புவதும், உறவினரிடம் கையெழுத்து வாங்குவதும், (நம் ஊரில்) முன்பணத்துக்கு அலைவதும்தான் நேரத்தைத் தின்கின்றன. அமெரிக்காவில் 365 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வில், இதயநோய் நிபுணருக்காகக் காத்திராமல் அவசரப் பிரிவு மருத்துவரே குழுவை அழைக்கும் இடங்களில் சராசரியாக 8 நிமிடங்களும், நிபுணர் எப்போதும் வளாகத்திலேயே இருக்கும் இடங்களில் ஏறக்குறைய 15 நிமிடங்களும், அழைத்த 20 நிமிடத்தில் குழு வந்துசேர வேண்டும் என்ற விதி உள்ள இடங்களில் 19 நிமிடங்களும் மிச்சமாயின. நிபுணர் உடனிருப்பதைவிட அந்த விதி கூடுதலாகத் தந்திருக்கிறது. நிபுணர் பெயர்பெற்றவராக இருந்தாலும் இரவில் அவர் தம் வீட்டில்தானே இருப்பார்?

அனுபவத்தை ஆண்டுக்கணக்கில் அளப்பதையும் நான் ஏற்கவில்லை. 2005இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருத்துவரின் பணி ஆண்டுகள் கூடக்கூடச் சிகிச்சைத் தரம் குறைவதாகவே அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை காட்டின. வளைந்த ரத்தக்குழாயில் கம்பியைச் செலுத்தும் லாகவம் அந்த வேலையை அடிக்கடி செய்பவருக்கே வாய்க்கிறது.

நோயாளியை அனுபவத்திடம் கொண்டுபோவதைவிட அனுபவத்தை நோயாளியிடம் கொண்டுவருவது எளிது. மறைந்த கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் பெயரில் கர்நாடக அரசு நடத்தும் ஹிருதய ஜோதி திட்டத்தில், தாலுகா மருத்துவமனையில் எடுத்த இசிஜி பெங்களூரின் ஜெயதேவா இதயநோய் மருத்துவமனை போன்ற மையத்துக்குப் போய், அங்குள்ள நிபுணர் சொன்னதும் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை உள்ளூர் டியூட்டி டாக்டரே போட்டுவிடுகிறார். மருத்துவப் பணியாளர் நோயாளியை முதலில் பார்த்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்காது என்றால், இந்த ஊசியைத் தாமதிக்கக் கூடாது.

அந்த மகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதற்றத்தில் யாருக்கும் பெரிய பெயர்தான் நினைவுக்கு வரும். உங்கள் பகுதி மருத்துவமனைகளில் இப்போதே விசாரித்து வையுங்கள்: கேத் லேப் 24 மணி நேரமும் இயங்குகிறதா, இரவில் குழுவை அழைக்கும் அதிகாரம் டியூட்டி டாக்டருக்கு உண்டா, குழு எத்தனை நிமிடத்தில் வரும், முன்பணம் கட்டாமல் தொடங்குவார்களா.