மாம்பழத்துக்கு மேல் ஒரு சிவப்புப் பொடி: மெக்சிகோ மிளகாய்-எலுமிச்சைப் பொடி பற்றிக் கேள்வி பதில்

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தில் ஏழு வருடம் குடியிருந்தேன். அங்கே பழவண்டியில் தூவித் தரும் பொடியை வீட்டில் எப்படிச் செய்வது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். கேள்விகளைச் சேர்த்து வைத்து ஒன்றாகப் பதில் எழுதுகிறேன்.

கே: அக்கா, நம் ஊரில் மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள்வதுதானே இது?

பாதி அதுதான். மீதிப் பாதி, புளிப்பையும் காயவைத்துப் பொடியிலேயே சேர்ப்பது. கடையில் கிடைப்பதில் பெயர் பெற்றது தஹீன். அதன் எழுத்தைப் பார்த்து டாஜின் என்று படிக்கிறார்கள், ஆனால் ஸ்பானிய உச்சரிப்பு தஹீன். 1985-இல் ஹாலிஸ்கோ மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம். வெராக்ரூஸ் மாநிலத்தில் இருக்கும் எல் தஹீன் என்ற பழைய நகரத்தின் பெயரைத்தான் வைத்தார்கள். டப்பாவில் மிளகாய், கடல் உப்பு, காய்ந்த எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் ஆசிட், இவைதான் முக்கியம். சீரகம், பூண்டு எதுவும் கிடையாது. தயவுசெய்து நீங்களும் சேர்க்காதீர்கள், பழத்தின் வாசனையை அமுக்கிவிடும்.

கே: அளவும் செய்முறையும் சொல்லுங்கள்.

குவாஹீயோ மிளகாய் (காரம் குறைந்த மெக்சிகோ காய்ந்த மிளகாய்) 8, ஆர்போல் மிளகாய் (அதைவிடச் சின்னது, காரமானது) 3, தூள் கடல் உப்பு 2 டேபிள்ஸ்பூன், எலுமிச்சை 6, சிட்ரிக் ஆசிட் ஒன்றரை டீஸ்பூன்.

முதலில் எலுமிச்சை வேலை, ஏனென்றால் அதற்குத்தான் நாள் ஆகும். ஆறு பழத்தின் பச்சைத் தோலை மட்டும் மெல்லச் சீவி, நிழலில் நொறுங்கும் அளவுக்குக் காயவிடுங்கள். உப்பை ஒரு பீங்கான் தட்டில் பரப்பி, ஒரு பழத்தின் சாற்றை விட்டுக் கிளறி, மேலே மெல்லிய துணி கட்டி வெயிலில் வையுங்கள். காய்ந்ததும் அடுத்த பழம், அது காய்ந்ததும் இன்னொன்று. மோர்மிளகாய்க்குத் திரும்பத் திரும்ப ஊறவைத்துக் காயவைப்போமே, அதே பொறுமை வேண்டும். மூன்று பழச் சாறு போதும், மீதி மூன்றை ஜூஸ் போட்டுக் குடியுங்கள். அலுமினியத் தட்டும் பித்தளைத் தட்டும் கூடாது, புளிப்பும் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும்.

மிளகாயின் காம்பு, விதை, நரம்பை எடுத்துவிட்டு மிதமான சூட்டில் கல்லில் போடுங்கள். பக்கத்துக்குப் பத்து விநாடி இருந்தால் போதும், வாசனை வந்ததும் எடுத்துவிட வேண்டும். நன்றாக ஆறி மொறுமொறுப்பான பிறகு அரையுங்கள். கடைசியில் தோல், உப்பு, சிட்ரிக் ஆசிட் சேர்த்து ஒரே ஒரு சுற்று. பவுடர் போல நைஸாக வேண்டாம், நாக்கில் கொஞ்சம் நெறுநெறுவென்று படவேண்டும்.

கே: சிட்ரிக் ஆசிட் போட மனம் வரவில்லை. சாறு மட்டும் போதாதா?

கணக்குப் பார்ப்போம். ஒரு சின்ன எலுமிச்சையில் 15 முதல் 20 மில்லி சாறு வரும். அதில் இருக்கும் சிட்ரிக் அமிலம் ஏறக்குறைய ஒரு கிராம்தான். மூன்று பழம் காயவைத்தாலும் இத்தனை உப்புக்கும் மிளகாய்க்கும் நடுவே அந்தப் புளிப்பு லேசாகத்தான் தெரியும். நம் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று தருவதும் இதே சிட்ரிக் ஆசிட்தான். பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், ஆனால் சாப்பிடும்போது பழத்தின் மேல் புது எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளுங்கள்.

கே: குவாஹீயோ மதுரையில் கிடைக்காதே!

பியாடகி மிளகாய் வாங்குங்கள். நிறம் அதிகம், காரம் அடக்கம். குவாஹீயோவின் காரம், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் 2,500 முதல் 5,000தான். பியாடகி அதைவிடக் கூடுதலாக இருப்பதால் விதையை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு, ஆர்போலுக்குப் பதில் நீள வரமிளகாய் ஒன்று மட்டும் போடுங்கள். குண்டூர் மிளகாயில் மட்டும் முழுதாகச் செய்யாதீர்கள். இந்தப் பொடியைத் தாராளமாகத் தூவவேண்டும். காரம் ஏறிவிட்டால் தூவவே கை வராது.

கே: அங்கே எலுமிச்சை வேறு ரகமா?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. மெக்சிகோவில் லிமோன் என்று விற்கும் சின்ன, மெல்லிய தோல் பழமும் நம் எலுமிச்சையும் ஒரே இனம். அது ஆசியாவில் பிறந்து, ஸ்பானியர்களோடு அங்கே போனது. மிளகாய் அங்கே பிறந்து, 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்களோடு இந்தியா வந்தது. மிளகாய்க்கு அங்கே சொல்லும் சீலே என்ற பெயரே, மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்ல் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆகவே எலுமிச்சைக்காக நீங்கள் எங்கேயும் அலையவேண்டாம்.

கே: நான் செய்தது கசந்துவிட்டது.

ஒன்று, தோலோடு வெள்ளைப் பகுதியும் சேர்ந்திருக்கும். இல்லையென்றால் மிளகாய் கருகியிருக்கும். கருகியதை எதைப் போட்டும் சரி செய்ய முடியாது, அந்த மிளகாயை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வறுங்கள்.

கே: சென்னையில் இருக்கிறேன். ஒரு வாரத்தில் கட்டி தட்டிவிடுகிறது.

காய்ந்த சாறு காற்றின் ஈரத்தை இழுக்கும். கடைப் பொடியில் கட்டி தட்டாமலிருக்க சிலிக்கன் டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். வீட்டில் அது வேண்டாம். அரைப்பதற்கு முன் எல்லாவற்றையும் 60, 70 டிகிரி அவனில் அரை மணி நேரம் வையுங்கள். ஆறியபின் அரைத்துக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, வறுத்த அரிசி பத்துப் பதினைந்து போட்டுவையுங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள். கட்டி தட்டினாலும் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, கரண்டியால் உடைத்துக்கொள்ளலாம்.

கே: அப்பாவுக்கு ரத்த அழுத்தம். கொடுக்கலாமா?

கடைப் பொடியில் எடையில் பாதிக்குக் கிட்டத்தட்ட உப்புதான். ஒரு கிராமில் 190 மில்லிகிராம் சோடியம் என்று லேபிளே சொல்கிறது. வீட்டில் செய்வதில் பெரிய லாபம் இதுதான். அப்பாவுக்குத் தனியாக, உப்பே இல்லாமல், மிளகாய், தோல், சிட்ரிக் ஆசிட் மட்டும் வைத்துச் செய்து கொடுங்கள். புளிப்பு இருப்பதால் உப்பில்லாத குறை அவ்வளவாகத் தெரியாது. இருந்தாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கே: எதில் எல்லாம் தூவலாம்?

மாம்பழம், தர்பூசணி, அன்னாசி, ஆரஞ்சு, வெள்ளரி. அங்கே இவற்றோடு ஹீகாமா என்ற கிழங்கும் இருக்கும், கடித்தால் நீர் தெறிக்கும், லேசான இனிப்பு. எல்லாவற்றையும் நீள நீளமாக வெட்டி டம்ளரில் நிறுத்தி, முதலில் எலுமிச்சை பிழிந்து, அப்புறம்தான் பொடி போடுவார்கள். அந்த வரிசையை மாற்றாதீர்கள், ஈரம் இருந்தால்தான் பொடி ஒட்டும். வேகவைத்த சோளத்துக்கும் பிரமாதம். எலுமிச்சை ஜூஸ் டம்ளரின் விளிம்பை நனைத்து இந்தப் பொடியில் ஒற்றி எடுத்துக் குழந்தைகளிடம் கொடுத்துப் பாருங்கள். என் பையன் ஜூஸை வைத்துவிட்டு விளிம்பை மட்டும் நக்கிவிட்டு இன்னொரு தடவை ஒற்றித் தரச்சொல்வான்.