எழுப்பியிருக்க வேண்டும்

கேள்வி: எனக்கு 44 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூர். இடது மார்பில் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்து, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். இப்போது 21 நாளுக்கு ஒரு தடவை கீமோ. இரண்டு முடிந்திருக்கிறது. முடி முழுக்கக் கொட்டிவிட்டது. வாயெல்லாம் புண். இரண்டாவது கீமோ முடிந்து பத்தாம் நாள் ராத்திரி உடம்பு கொதித்தது, நடுக்கம் வேறு. கணவருக்கு விடிந்தால் மில்லில் முதல் ஷிப்ட், அதனால் எழுப்பவில்லை. ஒரு பாராசிட்டமால் போட்டுப் படுத்தேன், காலையில் சரியாகிவிட்டது. அவர் நல்லவர். மூன்று வருஷத்துக்கு முன் அவருக்கு டெங்கு வந்தபோது ஆறு ராத்திரி ஆஸ்பத்திரித் தரையில் பாய் விரித்துப் படுத்து நான்தான் பார்த்துக்கொண்டேன். மகன் பிளஸ் டூ, அவனிடம் சாதாரணக் கட்டி என்றுதான் சொல்லியிருக்கிறோம். அடுத்த மாதம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். இந்தத் தலையோடு போகலாமா, விக் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கல்யாணத்துக்கு அப்புறம் வருகிறேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, "எழுப்பவில்லை" என்று, எனக்கு அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை.

இதே சொல்லை எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன். சொல்லவில்லை, கூப்பிடவில்லை, யாரையும் தொந்தரவு செய்யவில்லை. எழுதும்போது எல்லோருக்குமே அதில் கொஞ்சம் பெருமை இருக்கிறது. உங்களுக்கும் இருக்கிறது. அந்தப் பெருமை அன்று ராத்திரி உங்கள் உயிரைக் கொண்டுபோயிருக்கலாம்.

கீமோ மருந்து புற்று அணுக்களோடு, ரத்த அணுக்கள் உருவாகிற எலும்பு மஜ்ஜையையும் சேர்த்து அடிக்கிறது. ஊசி போட்டு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அவற்றில் முக்கியமான வகையை நியூட்ரோஃபில் என்று ரிப்போர்ட்டில் போட்டிருப்பார்கள். ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,500-க்கு மேல் இருக்க வேண்டியது, 500-க்கும் கீழே இறங்கிவிடலாம். அப்போது உடம்புக்குள் கிருமி புகுந்தால் பெரும்பாலும் சீழ் பிடிக்காது, சிவந்து வீங்காது. சீழ் பிடிக்கவே வெள்ளணு வேண்டும் அல்லவா? உடம்பு காட்டுகிற ஒரே அடையாளம் பல சமயம் காய்ச்சல்தான். அந்த ஒன்றையும் நீங்கள் பாராசிட்டமால் போட்டு அமுக்கிவிட்டீர்கள். பத்தாம் நாள் ராத்திரியில், நடுக்கத்தோடு! காலையில் சரியானது நீங்கள் செய்த எதனாலும் இல்லை.

100.4 டிகிரி. இந்த எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கீமோ நடக்கிற காலத்தில் அதைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, மாத்திரையும் போடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. குளிர் நடுக்கம் வந்தால் எண் எதுவாக இருந்தாலும் கிளம்ப வேண்டியதுதான். "கொதித்தது" என்று எழுதியிருக்கிறீர்கள், எவ்வளவு என்று எழுதவில்லை. வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை என்று நினைக்கிறேன். இன்றைக்கே வாங்குங்கள். போய் இறங்கியதும் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது: "கீமோ போய்க்கொண்டிருக்கிறது, கடைசி ஊசி இந்தத் தேதியில்." அது தெரிந்தால்தான் ரத்தம் எடுத்து, தாமதிக்காமல் ஆன்டிபயாடிக் ஏற்றுவார்கள். இடது கையில் ஊசியோ பிரஷர் பட்டையோ வேண்டாம் என்பதையும் நீங்களே ஞாபகப்படுத்துங்கள், நெறி எடுத்த பக்கம் அது.

அன்று ராத்திரி நடந்ததை உங்கள் டாக்டரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். இதைப் படித்ததும் போன் செய்யுங்கள். தெரிந்தால் வெள்ளணு ஏறுவதற்கு ஊசி போடலாம், மருந்தின் அளவை யோசிக்கலாம். தெரியாவிட்டால் மூன்றாவது கீமோவுக்கும் அதே பத்தாம் நாள் வரும்.

சரி, அந்த டெங்குவுக்கு வருகிறேன். ஆறு ராத்திரி தரையில் படுத்தீர்கள். அன்றைக்கு அவர், "இவளுக்குச் சிரமம்" என்று காய்ச்சலை மறைத்திருந்தால் விட்டிருப்பீர்களா? நான் பெண்டாட்டி இல்லையா என்று சண்டை பிடித்திருப்பீர்கள். அந்த உரிமை உங்களுக்கு உண்டு என்றால் அவருக்கும் உண்டு. அதைத்தான் அவரிடமிருந்து பிடுங்கி வைத்திருக்கிறீர்கள். கட்டியவளுக்கு உடம்பு கொதிக்கும்போது எழுந்து உட்காருவது கணவனின் கடமை. அவர் நல்லவர் என்று நீங்களே சொல்கிறீர்கள். நல்லவராக இருக்க அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். ஷிப்ட் ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போகும், அவ்வளவுதான்.

அவருக்கு நைட் ஷிப்ட் வருகிற வாரங்களில் வீட்டில் யார் இருப்பார்கள்? உங்கள் மகன். 17 வயதுப் பிள்ளை, அம்மாவின் தலையைத் தினமும் பார்க்கிறான், அவனிடம் சாதாரணக் கட்டி என்கிறீர்கள். அவனுக்குத் தெரியும், அம்மா. கேட்கப் பயந்துகொண்டு கேட்காமல் இருக்கிறான். கூப்பிட்டு உட்கார வைத்து நோயின் பெயரைச் சொல்லுங்கள். தெர்மாமீட்டர் பார்க்கவும், 108-க்குப் போன் போடவும், ஃபைலும் காப்பீட்டு அட்டையும் எந்தப் பையில் இருக்கிறது என்றும் சொல்லிக் கொடுங்கள். பரீட்சை கெடும் என்று பயப்படுகிறீர்கள். ஒன்றும் தெரியாத பிள்ளையின் கண்முன்னே ஒரு ராத்திரி நீங்கள் விழுந்தால் அதைவிட அதிகம் கெடும்.

வாய்ப்புண்ணுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் போட்டு நாலைந்து தடவை கொப்பளியுங்கள். காரத்தைக் கொஞ்ச நாள் விடுங்கள். தண்ணீரே இறங்காத அளவுக்குப் போனால் அதற்கும் டாக்டர்தான்.

இப்போது கல்யாணம். யார் பார்ப்பார்கள் என்பதை விடுங்கள், தேதியைப் பாருங்கள். முகூர்த்தம் கீமோ போட்ட ஏழுக்கும் பதினாலுக்கும் இடையில் விழுந்தால் போகாதீர்கள், நாத்தனார் கோபித்துக்கொண்டாலும் சரி. மூன்றாவது வாரத்தில் வந்தால், ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சம்மதித்தால் போய் வாருங்கள். இருமுகிறவர்கள் பக்கத்தில் உட்காராதீர்கள். சூடாகப் பரிமாறுகிற முதல் பந்தியில் சாப்பிட்டுக் கிளம்புங்கள். விக் வெயிலில் அரிக்கும், பருத்தித் துணி சுகம். எது பிடிக்கிறதோ அது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மொட்டைத் தலையோடே போவேன், பழனிக்குப் பக்கத்து ஊரில் மொட்டைத் தலையைப் பார்க்காத கண் ஏது?

இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கையில் கொடுங்கள். இன்றைக்கு ஷிப்ட் முடிந்து வந்ததும், சாப்பிடுவதற்கு முன்னால் படிக்கட்டும்.